திருநீற்றில் கலந்த விதை

தேங்காய் நார்க்கட்டி ஊறட்டும். அது ஊறி, உப்பி, உதிர்ந்தால்தான் நாற்றுக் குழித்தட்டை நிரப்ப முடியும். நிரப்பினால்தான் விதை போட முடியும். போடுவதற்கு முன்னால் எந்த விதை என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும், அந்த முடிவைத்தான் காலையிலிருந்து தள்ளித் தள்ளிப் போட்டு வருகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்தாயிற்று. இவர் வழக்கம்போல் ‘நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்தாயிற்று. கரண்டும் போயிற்று. நான் அடுக்களைத் தரையில் காலை நீட்டி, மடியில் சுளவை வைத்து, சுளவில் விதைப் பொட்டலங்களைப் பரப்பி, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த போட்டோக்களைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போட்டோவில் எந்த மாப்பிள்ளைதான் மோசம்? எல்லாப் பொட்டலத்திலும் ஒரே சிவப்பு, ஒரே மினுமினுப்பு. தூத்துக்குடியில், மொட்டைமாடியில், மாசி கழிந்து பங்குனி வெயிலில் காய்ப்பாயா அப்பா என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். இந்த ஊரில் உப்பு தானாக விளையும். ஆழ்துளைத் தண்ணீரில் குளித்தால் தலைமுடி தேங்காய் நாராகும், வெயிலில் நின்ற பிளாஸ்டிக் வாளி அப்பளம் மாதிரி நொறுங்கும், ஐப்பசி கார்த்திகையில் வருகிற மழை வருஷத்துக்கு உண்டானதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அப்புறம் நம்மை யாரென்றே தெரியாத மாதிரி போய்விடும். இதில் தக்காளி வேண்டுமாம் எனக்கு. ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க.

இந்த முதல் பொட்டலம் வீரிய ஒட்டு. ‘வெயில் தாங்கும்’ என்று போட்டிருக்கிறது, எந்த ஊர் வெயில் என்று போடவில்லை. விதைக்கடைக்காரர் நல்ல மனுஷன், உள்ளதைச் சொல்லிவிட்டார்: “பகல் சூட்டைச் செடி எப்படியாது பொறுத்துக்கிடும்க்கா, ராத்திரியும் புழுங்குச்சின்னா பூ நிக்காது, கொட்டிரும்.” எனக்கும் அப்படித்தான் தம்பி, பகலில் ஆயிரம் வேலையில் ஓடிவிடும், ராத்திரிதான் பூ கொட்டும் என்று சொல்ல வாயெடுத்து, கடையில் நின்று இதென்ன பேச்சு என்று அடக்கிக்கொண்டேன். இரண்டாவது செர்ரித் தக்காளி. கொத்துக் கொத்தாகக் காய்க்கும், சூட்டுக்கு அசையாது, ஆனால் இனிக்கும். இனிக்கிற தக்காளியை வைத்து நான் ரசமா வைக்க, பாயசமா வைக்க? மூன்றாவது பெங்களூர்த் தக்காளிச் சாதி, தோல் தடிமன், லாரியில் போட்டு நாலு ஊர் சுற்றினாலும் நசுங்காது. ருசியும் லாரி டயர் மாதிரிதான். இது ஒன்று, நாட்டுத் தக்காளி என்று கையால் எழுதின பொட்டலம். இதை மட்டும் கையில் எடுத்த வேகத்திலேயே கீழே வைத்துவிடுகிறேன். மகள் செண்பகவல்லி ஓசூரில் இருக்கிறாள். அங்கே குளிர்ச்சியான ஊர், தக்காளி வேலி ஓரத்தில்கூட விழுந்து முளைக்கும். “எம்மா, நீ ஏன் அங்க கெடந்து மல்லுக்கட்டுத? ஒரு பெட்டி பஸ்ல போட்டு விடுதேன்” என்று சொல்லி அனுப்பவும் செய்தாள். பெட்டி வந்தது, பழம் ஒவ்வொன்றும் குழந்தை கன்னம் மாதிரி. ரசம் வைத்தேன், தொக்கு கிளறினேன், வாய்க்கு அருகே கொண்டுபோகும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லாருக்கு என்றார்.

நல்லாருக்கு. கல்யாணமான நாளிலிருந்து போன ஆடி மாசம் வரைக்கும் காந்திமதிநாதன் என்கிற இந்த மனுஷன் வாயில் வராத வார்த்தை அது. துறைமுகத்தில் எடைமேடையில் உட்கார்ந்து லாரி லாரியாக நிறுத்தவருக்கு, வீட்டில் நிறுக்க என் குழம்பு. “புளி ஒரு பொட்டு கூடிட்டு.” “கடுகு கருகிட்டு, பாத்தியா?” “பெருங்காயம் பழசு, கடைக்காரன் ஒன்ன ஏமாத்திட்டான்.” கல்யாண வீட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தாலும் சும்மா இருக்க மாட்டார், அவியலில் எந்தக் காய் முற்றல் என்று பக்கத்து இலைக்காரருக்கு எடுத்துச் சொல்லுவார், நான் எதிர்ப்பந்தியிலிருந்து கண்ணைக் காட்டினாலும் நிறுத்த மாட்டார். ஒரு தடவை திருச்செந்தூரில், நிஜமாகவே, சன்னிதியில் நின்று வேண்டிக்கொண்டேன்: முருகா, வேறொன்றும் வேண்டாம், இந்த மனுஷன் ஒரு நாளாவது என் சாப்பாட்டை நல்லாருக்கு என்று சொல்லட்டும். முருகன் இவ்வளவு காது கொடுத்துக் கேட்பான் என்று தெரிந்திருந்தால் வாயைத் தைத்துக்கொண்டு நின்றிருப்பேன். ஆடியில் வந்த காய்ச்சல் ஆவணி பிறந்ததும் இறங்கிவிட்டது. நாக்கு மட்டும் செத்தது செத்ததுதான். காய்ச்சலில் விழுந்தவர்களுக்கு எல்லாம் நாக்கு செத்துப்போகும், நாலு நாள் நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக் கஞ்சி குடித்தால் பிழைத்துக்கொள்ளும் என்று நானும் இருந்தேன். நார்த்தங்காயும் தீர்ந்தது, எலுமிச்சையும் தீர்ந்தது. டாக்டர், “வரும்மா, சிலருக்கு மெதுவா வரும், சிலருக்கு வராமலும் போகும், ஆனா சாப்பாட்டை மட்டும் குறைக்கவிடாதீங்க” என்றார். குறைக்கவிடாதே என்றால் எப்படி? சட்டைக் கழுத்துக்குள் கழுத்து தனியாக நிற்கிறது. ஒரு கவளம் வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறார், பிறத்தியார் வீட்டில் மரியாதைக்காகச் சாப்பிடுகிறவர் மாதிரி.

உப்பைச் சோதித்திருக்க வேண்டாம். அதை நினைக்கக் கூடாது என்றுதான் இந்தப் பொட்டலங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன், உட்கார்ந்த உடனே அதுதான் வருகிறது. கார்த்திகையில் ஒருநாள் சாம்பாரில் வேண்டுமென்றே ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை. அந்தக் காலத்து மனுஷனாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு, “ஏட்டி, உப்பளத்து ஊர்ல இருந்துகிட்டு உப்புக்குப் பஞ்சமா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பார். ஊற்றினேன். பிசைந்தார். தின்றார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, சிரித்து, “நல்லாருக்கு சத்தி” என்றார். பிரம்மசக்தி என்கிற என் பெயரைச் சத்தி என்று சுருக்கிக் கூப்பிடுவது அவர் குஷியாக இருக்கும்போதுதான். அந்தக் குஷியையும் எனக்காக உண்டாக்கிக்கொண்டு சொன்னார். நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டிச் சத்தம் உண்டாக்கிக்கொண்டு அழுதேன். ருசி போனது கூடப் பெரிதில்லை. என்னிடம் ஒரு குற்றமும் இல்லாதவராக ஆகிவிட்டாரே, அதுதான் பயம். இப்படியே ஒவ்வொரு வேளையும் நல்லாருக்கு நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டே மெலிந்து மெலிந்து ஒருநாள். சீ, என்ன நினைப்பு இது, நார்க்கட்டியைப் பார். ஓரம் மட்டும் உதிர்ந்திருக்கிறது, நடு இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட வேண்டும். உப்புத் தண்ணீர் விட்டால் நாரே உப்பாகிவிடும். கேன் தண்ணீர் வேறு இப்போதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, இவர் நிறையத் தண்ணீர் குடிக்கிறார், சொம்பு சொம்பாக எடுத்துக்கொண்டு போகிறார். அந்த மட்டும் ஒரு நிம்மதி. செண்பகத்திடமும் சொன்னேன், அப்பா தண்ணியாவது நல்லாக் குடிக்காக என்று.

ஒரே ஒரு தடவைதான் அந்த நாக்கு அசைந்தது. புரட்டாசியில், மார்க்கெட் வாசலில், தலைச்சுமையாகக் கூடையை இறக்கி ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாள். கூடையில் சின்னச் சின்னத் தக்காளி, பூசணிக்காயைக் குட்டியாக்கினது மாதிரி வரிவரியாக, பாதி சிவப்பும் பாதி பச்சையும், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. எந்த ஊர் என்றேன். எட்டயபுரம் பக்கம், கரிசல் காடு, தண்ணீர் பாய்ச்சாமல் மானாவாரியாக வந்தது என்றாள். “புளிக்குமா?” என்றேன். “வாயில வச்சுப் பாருங்க, அப்புறம் கேளுங்க” என்றாள். வைத்தேன், காது வரைக்கும் கூசிற்று. அன்றைக்கு ராத்திரி அந்தத் தக்காளியைக் கையால் பிசைந்து ரசம் வைத்தேன், புளியே சேர்க்காமல். ஒரு வாய் குடித்தவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார், யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்ட மாதிரி. “இதுல என்னமோ இருக்கே” என்றார். அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் ஊத்து என்றார். அடுத்த நாள் ஓடினேன், அதற்கடுத்த நாளும் ஓடினேன், அந்த அக்கா வரவில்லை, சீசன் முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் நான் அவ்வளவு முட்டாள் இல்லை, பிசைந்ததில் ஒரு கை விதையை எடுத்து வைத்திருந்தேன். வழவழப்புப் போகவும் பூச்சி வராமல் இருக்கவும் சாம்பலில் புரட்டிக் காயவைக்க வேண்டும். சாம்பலுக்கு எங்கே போவேன்? கேஸ் அடுப்பில் ஏது சாம்பல்? சுற்றுமுற்றும் பார்த்தேன், சாமி மாடத்தில் திருநீறு இருந்தது. அதுவும் சாணத்தைச் சுட்ட சாம்பல்தானே, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று ஒரு பிடி எடுத்து, ஒரு பித்தளைத் தட்டில் விதையைப் போட்டுப் புரட்டி, அடுக்களையில் எறும்பு மொய்க்கும் என்று சாமி மாடத்துப் பக்கத்திலேயே வெயில் விழுகிற ஜன்னலில் வைத்தேன். வைத்ததைச் சொல்லவில்லை. சாமி காரியத்துக்கு எடுத்துத் தக்காளிக்குப் போட்டாயா என்று கேட்பாரே என்று ஒரு கூச்சம்.

அவர் என்ன கண்டார்? மழைக்காலம் வருகிறது, திருநீறு நமுத்துப்போகாமல் காயவைத்திருக்கிறாள், பொறுப்பானவள் என்று, காய்ந்ததும் பத்திரமாக எடுத்துத் திருநீற்று மரவையில் கொட்டிவிட்டார். வீட்டு வேலையில் ஒரு துரும்பைத் தூக்காதவர் அன்றைக்குத்தான் உதவி செய்ய வேண்டும். தட்டு கழுவிக் கவிழ்த்துக் கிடந்ததைப் பார்த்து எலி கொண்டுபோய்விட்டது என்று எலியைத் திட்டினேன், கூடு வாங்கி வைத்தேன், கருவாட்டுத் துண்டு வேறு. இதற்கிடையில் காலையில் குளித்து, கண்ணாடி போடாமல், திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் பட்டை போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர் நெற்றியில் பொரிப்பொரியாக என்னமோ இருக்கிறது. காய்ச்சலின் மிச்சம், அம்மை கிம்மை போட்டுவிடுமோ என்று நான் நடுங்கி, சந்தனத்தை அரைத்து அதன் மேலேயே அப்பினேன். அவரும் குனிந்து காட்டினார். மத்தியானம் வீட்டை ஒட்டின முடுக்குச் சந்தில் இருக்கிற உப்புத் தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவினால் போய்விடும், மறுநாள் காலையில் மறுபடி வந்துவிடும். இதென்ன முறைபோட்டு வருகிற அம்மை என்று டாக்டரிடம் போகக் கிளம்புகிற அன்றைக்கு, மரவைக்குள் விரலை விட்டேன், நெருடிற்று. ஒரு மாசம்! ஒரு மாசமாக என் ரசத்தை நெற்றியில் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறார். சிரிப்பு முதலில் வந்தது, அப்புறம்தான் வயிற்றெரிச்சல். மரவையைச் சலித்ததில் மிஞ்சினது நாலைந்து சொத்தை, போட்டேன், ஒன்றும் முளைக்கவில்லை. “எனக்குத் தெரியாதுல்லா” என்றார். அவர் மேல் எப்படிக் கோபப்பட? “இனிமே சாமி கும்பிடும்போதாவது கண்ணாடியப் போடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் கடையில் வாங்கின விதையைப் போட்டேன். முதல் தட்டு கார்த்திகை மழையில் தண்டோடு அழுகியது. இரண்டாவது தை வரைக்கும் தளதளவென்று வந்தது, பூவும் எடுத்தது, ஒவ்வொரு பூவுக்கும் விடிந்ததும் போய் நின்றேன், வெள்ளை ஈ வந்து இலை சுருட்டிக்கொண்டது, பூ காம்போடு கழன்று விழுந்தது. அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து நான் சாப்பிடவில்லை. இவர்தான் தட்டில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். ஆக இதுதான் கடைசித் தட்டு. சித்திரை பிறந்தால் எந்தச் சாதியும் நிற்காது. வீரிய ஒட்டு போட்டால் காய்க்கும், புளிக்காது. செர்ரி நிச்சயம் காய்க்கும், நிச்சயம் இனிக்கும். இந்த நாட்டுப் பொட்டலம் ஒருவேளை புளிக்கலாம், ஒருவேளைதான், அதுவும் காய்க்கிற மட்டும் உசிரோடு இருந்தால். காய்க்கிறதைப் போடவா, புளிக்கிறதைப் போடவா? புளிப்பதைப் போட்டு அதுவும் காய்த்து, அதையும் தின்றுவிட்டு அவர் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டால்? அப்போது இனிப் போட விதை இருக்காது, சொல்லிக்கொள்ள ஆறுதலும் இருக்காது. காய்க்காமல் இருக்கிற வரைக்கும் நம்பிக்கையாவது மிச்சம் இருக்கும். அட கூறுகெட்டவளே, தக்காளி காய்க்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டாயா? நார் ஊறிவிட்டது. கையை விட்டுப் பிசைந்தால் பொலபொலவென்று, ஈரமாக, சுகமாக இருக்கிறது. நாட்டுப் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கிறேன். வருவது வரட்டும். கிழித்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் முடுக்கில் தகரம் உருள்கிற சத்தம். முடுக்கில்! சாரைப்பாம்பு. மழைக்காலத்திலேயே இவர் சொன்னார், “முடுக்குல சாரை ஒண்ணு அடைஞ்சு கெடக்கு, நீ அந்தப் பக்கம் தலையக் காட்டாத.” அதிலிருந்து நான் அங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை, குழாயும் மோட்டாரும் அவர் பாடு. கட்டிலைப் பார்த்தால் ஆளைக் காணோம்.

துணி எடுக்கிற கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியாது. இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவே, ஆள் திரும்ப முடியாத அந்த முடுக்கில், குழாய்க்குப் பக்கத்தில் இவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் சொம்பு. தலைக்கு மேலே, மழைநீர்க் குழாயில் கட்டி, விரித்த எங்கள் கறுப்புக் குடை, தைமாசத்திலிருந்து நான் தேடிக்கொண்டிருக்கிற குடை. குடைக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில் ஒரு தக்காளிச் செடி, கம்புக்கு அவருடைய பழைய வேட்டிக் கிழிசலால் கட்டி. காய்கள் வரிவரியாக, குட்டிப் பூசணி மாதிரி. ஒன்று பழம்.

“பாம்பு எங்க?” என்றேன்.

“போயிட்டு.”

“எப்ப?”

“அது வரவே இல்ல” என்றார், சொம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

கம்பைச் சுவரில் சாத்தினேன். “இது எப்படி இங்க” என்றேன். அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார், அப்புறம் முகம் கழுவுகிற குழாயைக் காட்டினார்.

“எங்கிட்ட ஏன் மறைச்சீய?”

“பூவப் பாத்தா நீ உறங்க மாட்ட. மழையில மொதத் தட்டு அழுகுனப்பவே பாத்தேன், அப்புறம் மாடியில போச்சே, அன்னைக்கு நீ இருந்த இருப்பு.” சொம்பைக் கீழே வைத்தார். “இதும் கொட்டிட்டுன்னா நான் மட்டும் பாத்தாப் போதும்னு நெனச்சேன்.”

நல்ல தண்ணீரை ஊற்றி, எனக்குப் பாம்பைக் காட்டி, குடையைத் திருடி, இந்த மனுஷன் தனியாக ஒரு செடிக்குக் காவல் இருந்திருக்கிறார். எனக்கு அவரை அப்படியே சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, முடுக்கில் இடம்தான் இல்லை. அவர் பழத்தைப் பறித்து வேட்டியில் துடைத்து என்னிடம் நீட்டினார். “ரசம் வைக்கியா?” என்றார். முடியாது. ரசம் வைத்தால் அதில் உப்பு இருக்கும், பெருங்காயம் இருக்கும், அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். “இப்பவே, என் முன்னால கடிங்க” என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். அந்தச் சாம்பார் நாளில் பார்த்த அதே பார்வை, எனக்காக எதையும் சொல்லத் தயாராக இருக்கிற பார்வை. முருகா, அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். கடித்தார். மென்றார். சாறு மணிக்கட்டில் வழிந்தது. மெல்லுவது நின்றது. ஒரு கண் மூடியது, கன்னம் உள்ளே இழுத்தது, தோள் இரண்டும் காதுக்கு ஏறின.

“சே” என்றார். “என்னட்டி இது? பல்லெல்லாம் கூசுது. இதத்தான் எடுத்து வச்சியா நீ? நல்லாவே இல்ல.”

நான் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன்.